கடலூர்க் கரையில் ஃபாக்ஸ்குளோவ் பூக்குமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, போன மே மாசம் கோத்தகிரியில் நாத்தனார் வீட்டு வாசலில் ஃபாக்ஸ்குளோவ் ஆளுயரத்துக்குப் பூத்து நின்றது. மணிமணியாகத் தொங்கும் ஊதாப் பூ. ஆசைப்பட்டு ஆன்லைனில் விதை வாங்கி மொட்டை மாடியில் இரண்டு தடவை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. நம்ம ஊரில் இது வருமா, வராதா? மாமியார் சாப்பிடுகிற இதய மாத்திரை இந்தச் செடியிலிருந்துதான் வருகிறதாமே, அப்படியானால் இலையைக் கஷாயம் வைக்கலாமா என்று அவர் கேட்கிறார்."

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. கூடவே கூடாது. ஏன் என்று பின்னால் விரிவாக வருகிறேன், ஆனால் இந்த ஒரு வரியை இன்றைக்கே மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது செடிக்கு வருவோம். வருமா என்றால் வரும், விருந்தாளியாக. கார்த்திகையில் வந்து, தையில் பூத்து, பங்குனி வெயிலில் விடைபெற்றுப் போகும். மண்ணில் நட்டு வருஷா வருஷம் பூக்கட்டும் என்று நினைத்தால் வராது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடியில் மூன்று முறை முயன்று, இரண்டு முறை தோற்று, ஒரு முறை பாதி ஜெயித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

டிஜிடாலிஸ் பர்ப்யூரியா என்கிற இந்தச் செடி மேற்கு ஐரோப்பாவின் காட்டோரத்துச் செடி. இரண்டு வருஷ ஆயுள். முதல் வருஷம் தரையோடு தரையாக முள்ளங்கிச் செடி மாதிரி இலையை மட்டும் வட்டமாக விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு குளிர்காலம். அது முடிந்து வெயில் ஏறும்போது நடுவிலிருந்து தண்டு கிளம்பி நான்கு, ஐந்து அடி உயர்ந்து பூக்கும், விதை விடும், சாகும். அந்த நடுவில் வரும் குளிர்காலம்தான் விஷயமே. நம் பழைய சம்பா ரகங்கள் பகல் பொழுது சுருங்குவதைக் கணக்கு வைத்துக் கதிர் விடும் இல்லையா, அது போல இந்தச் செடி குளிரைக் கணக்கு வைக்கிறது. வளர்ந்த செடி பல வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் கிடந்தால்தான் "சரி, குளிர்காலம் போய்விட்டது, இனிப் பூக்கலாம்" என்று முடிவெடுக்கும். கோத்தகிரியில் மார்கழி ராத்திரி 10 டிகிரிக்குப் பக்கமாக இறங்கும். ஊட்டியில் உறைபனியே விழும். நமக்கு? கடலூரிலும் புதுச்சேரியிலும் வருஷத்திலேயே குளிரான தை மாத ராத்திரிகூட 20, 21 டிகிரி. நமக்குப் போர்வை தேவைப்படும் குளிர் அதற்கு வெறும் வசந்த காலம். நம் மண்ணில் நட்டால் இலையாகவே விரிந்து கிடந்து, அக்னி நட்சத்திரம் வருவதற்குள் வெந்து போகும்.

பிரிட்ஜில் வைத்து ஏமாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். விதையைக் குளிரவைப்பதால் இந்தக் கணக்கு தீராது, ஏழெட்டு இலை விட்ட செடியாக இருக்கும்போதுதான் குளிர் ஏறும். அப்படியானால் தொட்டியையே வாரக்கணக்கில் பிரிட்ஜில் வைக்க வேண்டும், உள்ளே வெளிச்சமும் வேண்டும். சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விஷச் செடி! எங்கள் வீட்டில் இந்த யோசனையை வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

இதற்கு வழி ரகத்தில் இருக்கிறது. குளிருக்குக் காத்திராமல் விதைத்த முதல் பருவத்திலேயே பூக்கும் ரகங்களை வெளிநாட்டில் உருவாக்கியிருக்கிறார்கள். 'ஃபாக்ஸி' பழைய ரகம், விதைத்து ஐந்து மாதம் வாக்கில் பூக்கும், இரண்டு, இரண்டரை அடி உயரம். 'கேம்லாட்', 'டால்மேஷன்' இரண்டும் பிறகு வந்த எஃப்-1 கலப்பினங்கள். டால்மேஷன் குட்டை, ஒன்றரை அடிதான், ஆனால் சீக்கிரம் பூக்கும். நமக்கு மூன்றில் எது கிடைத்தாலும் சரி. உங்கள் பொட்டலத்தில் 'எக்ஸெல்சியர்' என்று போட்டிருந்தால் அது இரண்டு வருஷ ரகம், முளைத்திருந்தாலும் பூத்திருக்காது. ரகப் பெயரே இல்லாமல் 'ஃபாக்ஸ்குளோவ் மிக்ஸ்' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். பளீரென்ற நீலப் பூப் படம் போட்டிருந்தால் அந்தக் கடைப்பக்கமே போகாதீர்கள். ஊதா, ரோஸ், வெள்ளை, இளமஞ்சள், ஆப்ரிகாட் எல்லாம் உண்டு, நீலம் கிடையாது.

உங்கள் விதை ஏன் முளைக்கவில்லை என்பதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் இரண்டு விவரம் இருந்தது: ஆடிப் பெருக்கன்று போட்டீர்கள், அரை அங்குல ஆழத்தில் போட்டீர்கள். இரண்டுமே தப்பு. இந்த விதை பொடி. ஒரு கிராமில் சுமார் 10,000 இருக்கும், அரைத்த மிளகுத் தூள் மாதிரி. இது முளைக்க வெளிச்சம் வேண்டும், மண்ணால் மூடினால் தூங்கிவிடும். அதோடு 16 முதல் 20 டிகிரி வெப்பம் பிடிக்கும். ஆடி மாதம் நம் மொட்டை மாடி தோசைக்கல். விதை கெட்டதா நல்லதா என்பதற்கு முன்னாலேயே அதன் கதை முடிந்துவிட்டது. இதெல்லாம் போதாது என்று எறும்பு வேறு. என் முதல் முயற்சியில் தட்டின் ஓரத்தில் வரிசையாகப் போன எறும்புகளைப் பார்த்துவிட்டு, அட என்று குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு விதை. இப்போது விதைத்தட்டை, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் செங்கல் வைத்து அதன் மேல்தான் வைக்கிறேன், அந்தக் காலத்தில் சர்க்கரை டப்பாவை வைப்பது போல.

இங்கேயே முளைக்க வைக்க வேண்டுமென்றால் ஏசி அறை ஜன்னலோரத்தில் செய்யலாம். நான் செய்தேன், முளைத்தது. ஆனால் முளைத்ததை வெளியே எடுத்து வைத்த பத்து நாளில் நாற்றழுகல் வந்து தண்டு நூலாக மெலிந்து பாதி சாய்ந்துவிட்டது. மின்சாரச் செலவையும் மனக்கஷ்டத்தையும் கூட்டிப் பார்த்தால் வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுக்குத்தான் கோத்தகிரியில் நாத்தனார் இருக்கிறாரே! உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. விதையை அவருக்கு அனுப்புங்கள், நாற்றை அவர் வளர்க்கட்டும்.

அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆகஸ்ட் முதல் பாதியில் விதைக்கட்டும். குழித்தட்டோ பழைய தயிர் டப்பாவோ போதும். கழுவிய கோகோபித்தில் கொஞ்சம் மண்புழு உரம் கலந்து நிரப்பி, நனைத்து, அமுக்கி, மேலே விதை. முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவுகிறோமே, அப்படியே இதையும் பொடி மணலில் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மண் போடக் கூடாது. தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் டப்பாவைத் தண்ணீரில் உட்காரவைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். நான்கு இலை வந்ததும் தனித்தனிக் கப்பில் மாற்றிவிட்டால், ஐப்பசி முடியும்போது உள்ளங்கை அகலத்துக்குச் செடி ஆகிவிடும்.

தீபாவளிக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லாதீர்கள். அந்தத் தப்பைத்தான் நான் இரண்டாவது முறை செய்தேன். 2024-இல் குன்னூரிலிருந்து அழகான பத்து நாற்று ஐப்பசியிலேயே வந்து சேர்ந்தது. தொட்டி மாற்றி மாடியில் வரிசையாக வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. தெருவே ஏரியாகக் கிடந்தபோது தொட்டியை யார் நினைப்பது? மூன்றாம் நாள் மாடிக்குப் போனேன். இலை எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஒன்றைத் தொட்டேன், முழுச் செடியும் கொண்டையோடு, அதாவது வேருக்கு மேலே இலைகள் கிளம்புகிற அடிப்பகுதியோடு, கையில் வந்துவிட்டது. அடி கறுத்து, கூழாகி, அழுகின கோஸ் நாற்றம். பத்தும் அப்படியே. இந்தச் செடியின் உயிர் அந்தக் கொண்டையில்தான் இருக்கிறது, தண்ணீர் அங்கே இரண்டு நாள் தேங்கினால் போதும்.

ஆகவே கார்த்திகை தீபம் கழித்து, பெருமழை அடங்கின பிறகு கொண்டு வரச் சொல்லுங்கள். அதற்குள் மலைக்குளிரும் கொஞ்சம் ஏறியிருக்கும், அதுவும் நல்லதுதான். வந்த உடனே வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் தாழ்வாரத்தில் வையுங்கள்.

பத்து அங்குலத் தொட்டி ஒரு செடிக்குச் சரி. செம்மண் இரண்டு பங்கு, கோகோபித் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. திருவந்திபுரம் பக்கத்துச் செம்மண் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். கொஞ்சம் புளிப்புத் தன்மையுள்ள, மக்கு நிறைந்த மண்தான் இதற்குப் பிடித்தது. தேவனாம்பட்டினத்துக் கடல் மணலைத் தயவுசெய்து தொடாதீர்கள். நடும்போது கொண்டை மண்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே தெரிய வேண்டும். ஒரு ஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நல்ல பூஞ்சைத் தூளைக் கலந்துவிட்டால் அழுகலுக்குக் காவல்.

மண்ணைவிட நான் பயப்படுவது தண்ணீருக்கு. கரையோர போர் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. என் வீட்டு போரில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,100-ஐத் தாண்டிவிட்டது. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அதைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருக்கும், ஃபாக்ஸ்குளோவ் இருக்காது, இலை விளிம்பு கருகிச் சுருளும். ஐப்பசி மழையை ஒரு நீல டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் வலை கட்டி மூடி வைத்தால் தை வரைக்கும் ஐந்தாறு தொட்டிக்குக் காணும். காலை பத்து மணி வரை வெயில், அப்புறம் நிழல் என்கிற மாதிரி கிழக்குப் பார்த்த இடமாகப் பாருங்கள். கடல் காற்று நேராக அடிக்காமல் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாக வைத்து, தண்டு கிளம்பும்போது ஒரு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். உரம் அதிகம் வேண்டாம், யூரியா பக்கம் போகவே வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

மூன்றாவது முறை இப்படியெல்லாம் செய்து, பன்னிரண்டில் ஐந்து பூத்தது. தை அமாவாசை முடிந்த வாரம் முதல் மணி திறந்தது. கோத்தகிரியில் நீங்கள் பார்த்ததில் பாதி உயரம், பூவும் சின்னதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குனிந்து ஒரு பூவுக்குள் பார்த்தேன் பாருங்கள். கீழ் உதட்டில் கருஞ்சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை வளையம், யாரோ ஊசிமுனையால் கோலம் வைத்தது போல. அதன் நடுவே பூனை மீசை மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும் மெல்லிய முடி. அடியிலிருந்து மேலாகத்தான் பூ திறந்துகொண்டு போகும், அதனால் கீழே வாடிய பூ, நடுவில் விரிந்த பூ, உச்சியில் பச்சை மொட்டு எல்லாம் ஒரே தண்டில். இதன் ஊரில் குண்டாக ரோமம் மூடின ஒரு தேனீ கீழ்ப் பூவில் ஏறி மேலே மேலே போகுமாம். நம் கரையில் அந்தத் தேனீ கிடையாது. என் மாடிக்குக் கருவண்டு ஒன்று வந்தது, வாசலில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கொன்றைக்குப் போய்விட்டது. விதை கட்டவில்லை. அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, இங்கே விழுகிற விதை எப்படியும் முளைக்காது.

வெளிநாட்டுச் செடியை இந்த மண்ணுக்குப் பழக்க நினைத்தவர்கள் நாம் முதல் ஆள் இல்லை. புதுச்சேரி பொட்டானிக்கல் கார்டனையே பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் தொடங்கினார்கள். அங்கே பொறுப்பில் இருந்த பெரோத்தே நீலகிரி மலை ஏறிச் செடி சேகரித்தவர், 1870-இல் புதுச்சேரியிலேயே காலமானார். அங்கே நான் எத்தனையோ காலை நடை போயிருக்கிறேன், எங்கெங்கிருந்தோ வந்த மரங்கள் இந்த ஊர்க்காரர்களாகவே நிற்கின்றன. ஃபாக்ஸ்குளோவ் பாத்தி ஒன்றை மட்டும் பார்த்ததில்லை. வெப்பநாட்டு மரத்தைப் பழக்கலாம், குளிரை எண்ணுகிற செடியைப் பழக்குவது வேறு வேலை.

இப்போது மாமியார் விஷயம். அவர் கேட்டதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷையர் பக்கத்து நாட்டு வைத்தியப் பாட்டி ஒருவர் உடம்பில் நீர் கோத்த வீக்கத்துக்கு ஒரு மூலிகைக் கலவை கொடுத்து வந்தார். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று வில்லியம் விதரிங் என்கிற மருத்துவர் கண்டுகொண்டு, பத்து வருஷம் நோயாளிகளிடம் பார்த்து, 1785-இல் புத்தகமாகவே எழுதினார். இன்றைக்கு மாமியார் சாப்பிடும் டிகாக்ஸின் இதன் பங்காளியான டிஜிடாலிஸ் லனாட்டா என்ற செடியிலிருந்து எடுப்பது. நாத்தனார் வீட்டு ஊதாப் பூவில் இருப்பது பெரும்பாலும் டிஜிடாக்ஸின். இரண்டும் ஒரே குடும்பத்து விஷம், ஒரே மாதிரி இதயத்தைப் பிடிக்கும்.

மாத்திரையை எடுத்துப் பாருங்கள், 0.25 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் அரை மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்வார், நாடி பார்ப்பார், ரத்தத்தில் அளவு பார்ப்பார். மருந்தாக இருக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் அவ்வளவு சின்ன இடைவெளி. இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? செடிக்குச் செடி மாறும், மாதத்துக்கு மாதம் மாறும். கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் விஷம் போகாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் இலையையும் குடித்தால் இரட்டை அளவு. குமட்டல், வாந்தி, பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம் தட்டுவது, நாடி குறைவது, தாறுமாறாகத் துடிப்பது, இப்படித்தான் ஆரம்பிக்கும். இலையோ பூவோ வயிற்றுக்குள் போனது தெரிந்தால் வாந்தி வரட்டும், மோர் கொடுக்கலாம் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, என்ன செடி என்பதையும் ஒரு இலையோடு காட்டுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் பூவைப் பற்றி இல்லை, பூக்காத செடியைப் பற்றி. பூ வராதபோது அது வெறும் பச்சை இலை, மெத்தென்று, சுருக்கம் விழுந்து, லேசாக ரோமத்தோடு இருக்கும். வெளிநாட்டிலேயே காம்ஃப்ரி என்ற மூலிகை என்று நினைத்துத் தேநீர் போட்டுக் குடித்து ஆபத்தில் மாட்டியிருக்கிறார்கள். நம் வீட்டில் தொட்டியில் ரோமமுள்ள இலை என்றால் கை தானாகக் கர்ப்பூரவல்லி என்று போகும், அதுவும் சளி பிடித்த குழந்தை இருக்கிற வீட்டில். துளசி, கர்ப்பூரவல்லி, கீரைத் தொட்டிகள் ஒரு பக்கம், இது எதிர்ப்பக்கம், தொட்டியில் பெயின்டால் 'விஷம்' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். பூவை வெட்டி ஜாடியில் வைத்தால் அந்தத் தண்ணீரும் நஞ்சுதான்.

இதைப் படித்துவிட்டு ஐயோ வேண்டாம் என்று தோன்றினால், ஒரு விஷயம். அரளி இல்லாத தெரு கடலூரில் உண்டா? பைபாஸ் நடுவிலே அரளி, கோயில் நந்தவனத்தில் அரளி, வேலியோரம் பொன்னரளி. அதிலும் இதே வகை இதய விஷம்தான். பொன்னரளிக் கொட்டை தின்றவர்களுக்கு இலங்கையில் டிகாக்ஸின் முறிவு மருந்தையே கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள், அவ்வளவு நெருங்கிய சொந்தம். அரளியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது எப்படி? அது என்ன என்று எல்லாருக்கும் தெரியும், அதனால். இதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்தால் வளர்க்கலாம். தவழ்கிற, வாயில் வைக்கிற குழந்தை இருந்தால் மட்டும் இரண்டு வருஷம் தள்ளிப்போடுங்கள்.

அதுவரை என்ன செய்வது? அந்த மணி வடிவமும் நிமிர்ந்த தண்டும்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால், ஈ.சி.ஆர். ஓர நர்சரிகளில் ஏஞ்சலோனியா என்று கேளுங்கள். மெக்ஸிகோ பக்கத்துச் செடி, வெயிலை விரும்பிக் குடிக்கும், ஊதா, வெள்ளை, ரோஸ் என்று வருஷத்தில் பாதிக்கு மேல் பூக்கும். ஒரு கிளையை ஒடித்து நட்டாலே வந்துவிடும். பூ சின்னதுதான், ஆனால் கொத்தாக ஏழெட்டுத் தொட்டி சேர்த்து வைத்தால் தூரத்திலிருந்து கோத்தகிரி வாசல்தான்.

ஆனால் நான் மனசாரச் சொல்வது எள். சிரிக்காதீர்கள். எள்ளுப்பூ போல மூக்கு என்று சொல்லிச் சொல்லி அந்தப் பூவைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். நிமிர்ந்த தண்டில் இலைக்கு ஒன்றாகத் தொங்கும் வெண்ரோஸ் மணி, உள்ளே ஊதாச் சாயல், வெளியே பட்டு ரோமம். ஃபாக்ஸ்குளோவை முதல்முதலாகப் படத்தில் பார்த்தபோது எனக்கு விருத்தாசலம் பக்கத்து எள்ளுக் கொல்லைதான் ஞாபகம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் காட்டு ஃபாக்ஸ்குளோவ் என்று தோட்டக்காரர்கள் சொல்லும் செடிகூட எள்ளுக் குடும்பம்தான். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகமோ திண்டிவனத்து டி.எம்.வி. ரகமோ ஒரு கைப்பிடி போதும். மாசிப் பட்டத்தில் க்ரோ பேக்குக்கு மூன்று விதை போட்டு ஒன்றை விடுங்கள். நாற்பது நாளுக்குள் பூக்கத் தொடங்கும். விடியற்காலை விரிந்து சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும், அதனால் காப்பி டம்ளரோடு மாடிக்குப் போகும் நேரம்தான் பார்க்கும் நேரம். தண்ணீர் தேங்கவே கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. கொம்பு வைத்த பெரிய பச்சைப் புழு வந்தால் கையால் எடுத்துவிடுங்கள். பூவே இலையாக மாறிக் கொத்துக் கொத்தாக நின்றால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய், அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் ஃபாக்ஸ்குளோவ் விதைப் பொட்டலத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ரகத்தின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஈரம் படாத சின்ன டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி, அஞ்சறைப் பெட்டிக்கும் கடுகு டப்பாவுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். நாத்தனார் அடுத்த முறை வரும்போது கையோடு கொடுத்துவிடலாம்.